மந்திரம் தொடாத சில்லு

உலகத்தில் மந்திரவாதிகள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் மாங்காய் லாரியை எடைமேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, டிரைவரைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க, ஒரு ராட்சசன் பாக்கி இருக்கான், முடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லக்கூடிய மந்திரவாதி எங்கள் மந்திரம் ஒருவர்தான். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி வாசலிலேயே எடைமேடை. அதை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு மந்திரம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதுவதே நான்தான். ஆனால் யாராவது வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு முறை அவருடைய சொந்த மைத்துனரையே அனுப்பிவிட்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் புது டேப்லெட் வாங்கிக்கொண்டு பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டாள். அதற்குள் இந்த ராட்சச விளையாட்டு இருந்தது. எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்; அதையும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு ராஜ்ஜியம், அதற்கு ஒரு சாபம். சாபத்தைத் தீர்க்க நாலு பேர் கிளம்புகிறார்கள்: ஒரு வாள்காரன், ஒரு வில்காரி, ஒரு கிழட்டு மந்திரவாதி, காயம் பட்டவர்களைத் தேற்றும் ஒரு வைத்தியக்காரி. போகிற வழியெல்லாம் ராட்சசர்கள். அவர்களை ஒழிக்க மந்திரம் வேண்டும். மந்திரத்தை வாயால் சொன்னால் பலிக்காது. ஜன்னல் கம்பி மாதிரி கட்டம் போட்ட பலகையில் சின்னச் சின்ன ஓடுகளை அடுக்கித்தான் செய்ய வேண்டும். அந்த ஓடுகளைத்தான் அவர் சில்லு என்பார்.

நெருப்புச் சில்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சில்லை வைத்தால் நெருப்பு அணைந்துவிடும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அணையாது. ஆவியாகி ராட்சசன் கண்ணை மறைக்கும். அதற்குமேல் கல் சில்லை வைத்து மூடினால் வெடிக்கும். "குக்கருக்கு வெயிட்டு போடற மாதிரிங்க சார்" என்று விளக்கினார். பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சில்லுக்கும் குணம் மாறும். கேன்டீனில் இட்லியையும் வடையையும் கட்டம் கட்டி வைத்து அவர் இதை எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பசியோடு வந்த ஃபோர்மேன் நெருப்பை எடுத்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டார்.

எந்நேரமும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "காத்து, கல்லு, காத்து, வெறுஞ்சில்லு..." என்று முணுமுணுப்பார். மாங்காய் தரம் பிரிக்கிற பெண்களில் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தோடு கூண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, கொழந்தைக்குக் காய்ச்சலுங்க. கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க."

"ஐயோ, இது வெளையாட்டு மந்திரம்மா!"

"பரவால்லீங்க. சின்னக் கொழந்தைதானே, அது போதும்."

காய்ச்சல் எல்லாக் காய்ச்சலையும் போல இரண்டு நாளில் இறங்கியது. அதற்கப்புறம் கூண்டு வாசலில் எலுமிச்சம்பழத்துக்குக் குறைவில்லை. மந்திரம் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அந்தக் கோடையில் கம்பெனி முழுக்க எலுமிச்சை ஜூஸ் குடித்தோம்.

வேலையில் இதனால் தொல்லை வராமல் இல்லை. எடைச் சீட்டில் 'சரக்கு' என்ற இடத்தில் பெங்களூரா மாங்காய் என்று அடிப்பதற்குப் பதில் 'நெருப்பு' என்று அடித்து ஒரு லாரியை அனுப்பிவிட்டார். வழியில் மடக்கிய அதிகாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்திருக்கிறார். இன்னொரு நாள் மானேஜர் தன் மனைவிக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்தார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "யாருய்யா அது?" என்று டேப்லெட்டைக் காட்டிக் கேட்டார். மந்திரம் தலையைத் தூக்கவில்லை. "சூனியக்காரிங்க சார். மூஞ்சியப் பாருங்க, இவளைச் சும்மா வுடக் கூடாது" என்றார். மானேஜரின் மனைவி அதற்கப்புறம் கம்பெனிப் பக்கமே வரவில்லை. மானேஜர் ஏன் அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். நன்றியாகக்கூட இருக்கலாம்.

மந்திரத்தின் ஆட்டத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு எரிச்சலை மூட்டும். வைத்த சில்லைத் திரும்ப எடுக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. தப்பாக வைத்துவிட்டால் அமுக்கிவிட்டு மாற்றி வைக்கலாம். அவர் அமுக்கவே மாட்டார். தானே வேண்டுமென்று ஒரு சில்லை ஏடாகூடமான இடத்தில் வைப்பார். பிறகு அதைச் சுற்றி எதையெதையோ அடுக்கி, தோற்க வேண்டிய ஆட்டத்தை இழுத்துப் பிடித்து ஜெயிப்பார். சொந்தக் காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிறவரை என்ன சொல்வது? "கொழுப்பு" என்றுதான் நான் சொன்னேன்.

இரண்டாவது, அந்தக் கேடயச் சில்லு. நீல நிறம். அதன்மேல் ஆங்கிலத்தில் 'வார்டு' என்று எழுதியிருக்கும். பலகைக்கு வெளியே ஓரமாகக் கிடக்கும், அவர் தொடமாட்டார். கோலார் பக்கத்திலிருந்து வரும் ஒரு டிரைவர், "பேக மாடி சார், பேக!" என்று அவசரப்படுத்திக்கொண்டே கூண்டுக்குள் வருவார், பிறகு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு லாரியை மறந்துவிடுவார். அவரும் விளையாடுகிறவர்தான்.

"ஏன் சாமி, வார்டு வெச்சா அடியே படாது. வெக்கலாமில்ல?"

"அது நமக்கு ஆகாதுங்க" என்று மந்திரம் சிரிப்பார்.

கேடயம் இல்லாததால் அவருடைய ஆட்கள் சண்டைக்குச் சண்டை செத்துப் பிழைப்பார்கள். முக்கியமாக அந்த வைத்தியக்காரி. அவளைத் தேற்ற மட்டும் அவருக்குத் தெரிந்த வழிகள், அந்த விளையாட்டைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது என்று கோலார் டிரைவர் சத்தியம் செய்வார்.

வாரத்தில் சில நாள் மந்திரம் லீவு. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பார். என்ன உடம்பு என்று நான் கேட்டதில்லை. அப்படி ஒரு லீவு நாளில் கூண்டுச் சாவியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு தர்மபுரிக்குப் போய்விட்டார். வாசலில் லாரிகள் நிற்கின்றன. போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்து, வழியெல்லாம் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு, விசாரித்து விசாரித்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கட்டிலில் அவர் மனைவி சாந்தம்மா படுத்திருந்தார். ஒரு கையில் ஊசி, குழாய். ரத்தம் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கை சும்மா இருந்தது. அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தபடி, ஸ்டூலில் மந்திரம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே தலையைத் திருப்பிப் படுத்திருந்தார்கள். "போன தடவை ஓடிப்போனானே, அந்தக் கொம்பன் வந்துட்டானாங்க?" என்று ஒருவர் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்டார்.

சாந்தம்மா சில்லுகளைப் பார்த்தார். "இந்தப் பச்சை நல்லா இருக்குது. இதை இங்க வைங்க."

பச்சை என்றால் படர்கொடி. பக்கத்தில் நெருப்பு. கொடி எரிந்து சண்டையே போய்விடும் என்பது இட்லி வடையில் பாடம் படித்த எனக்கே தெரியும். "அங்க வெச்சா தோத்துருவீங்களே!" என்றேன்.

"அவ வெச்சாச்சுங்க சார்" என்றார் மந்திரம், வேறு பேச்சுக்கே இடமில்லாத மாதிரி. பிறகு காற்றை எங்கோ தள்ளினார், கல்லைச் சாய்த்து வைத்தார், வெறுஞ்சில்லை நடுவில் நுழைத்தார். எரிந்த கொடியின் புகையில் கொம்பன் மூச்சுத் திணறி விழுந்தான்.

"அஷ்டே!" என்றார் சாந்தம்மா. அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று அர்த்தம். என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், இவருக்கு ஒன்னுந் தெரியாது. எல்லாத்துக்கும் நாந்தான் சொல்லித் தரணும்" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் மந்திரம்.

வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அங்கேயே விட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியனுப்ப அவரும் வராந்தா வரைக்கும் வந்தார்.

"கூண்டுல தனியா ஆடறது எல்லாம் இதுக்குத்தானுங்க. எந்தச் சில்லை எந்தக் கோணல்ல வெச்சா எப்படித் தேத்தலாம்னு பாத்து வெச்சுக்குவேன். அவ அழகா இருக்கறதைத்தான் எடுப்பா. அவ எதை வெச்சாலும் தோக்கக் கூடாதில்லைங்க."

"அந்த வார்டு சில்லு?"

"அது மொத நாளே அவ கண்ணுல பட்டுருச்சு. இங்க போர்டுல அந்த எழுத்தைப் பாத்துப் பாத்துப் பழக்கமுங்க. 'இது வேணாங்க, ஆளை வார்டுல போடற சில்லு'ன்னுட்டா. அவங்கம்மாவை வார்டுல சேத்தாங்க, வரலை. அண்ணனைச் சேத்தாங்க, வரலை. மெஷின்ல படுத்துட்டு வூட்டுக்கு வரதுன்னா வருவா. வார்டுன்னா அவ்வளவுதான், ஒடம்பெல்லாம் நடுங்கிப் போவுது."

இந்த ஊரில் வார்டு என்றால் வேறென்ன? ஒன்று கவுன்சிலர், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. "ஆனா இங்கிலீஷ்ல அதுக்கு வேற..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க சார். காப்பு. மொத வாரமே பெங்களூர்லேர்ந்து பாப்பா போன்ல சொல்லிருச்சு."

"அப்புறம் என்ன?"

"அவ பயப்படறாளே" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, கொழுப்பு என்று நான் சொன்னதை நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் முடிகிற போதெல்லாம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். அடுத்த ராட்சசன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மாங்காய் சீசன் முடிந்த சமயத்தில் சாந்தம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கம்பெனி வண்டியில் நான்தான் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். பார்த்த டாக்டர், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இன்றைக்கே வார்டில் சேர்த்தாக வேண்டும் என்றார். சாந்தம்மா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் போடுங்க, ஊசி போடுங்க, என்னா வேணா பண்ணுங்க. வார்டு வேணாங்க. வூட்டுக்குப் போயிடலாங்க." மூச்சுக்கு நடுவே இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், நர்ஸ் சொல்லிப் பார்த்தார், நானும் என் பங்குக்கு உளறினேன்.

மந்திரம் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். இதென்ன நேரம் காலம் தெரியாத மனிதர் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். மந்திரம் பெஞ்சுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சண்டையைத் திறந்தார். ஓரத்தில் கிடந்த நீலச் சில்லின்மேல் விரலை வைத்து மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இதை நீ வை."

"அது வார்டுங்க."

"ஆமா. வைமே, என்னா பண்ணுதுன்னு பாக்கலாம்."

அவர் சொல்லி சாந்தம்மா தட்டியதில்லை போலிருக்கிறது. சில்லை இழுத்துப் பலகையில் வைத்தார். வைத்தியக்காரியைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் எழும்பியது. ராட்சசன் கதாயுதத்தால் அடித்தான். மறுபடி அடித்தான். நெருப்பைத் துப்பினான். வளையத்துக்குள் அவள் நின்றது நின்றபடி இருந்தாள்.

"என்னாங்க இது? ஒன்னுமே ஆவலை?"

"வார்டுன்னா காப்பும்மே. உள்ள இருக்கறவங்களை எதுவும் தொட முடியாது. அதுக்கு அர்த்தமே அதான்."

"நெசமாவா?"

"சத்தியமா."

சாந்தம்மா அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பன்னா இத்தனை நாளா இந்தக் கடங்காரனுங்ககிட்ட அடி வாங்கியிருக்கவே வேணாமே! ஒன்னுந் தெரியாத மனுசன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. பெஞ்சை விட்டுக் கையை எடுத்தார். தள்ளுநாற்காலியில் உட்கார்ந்து, பெண்கள் வார்டுக்குள் போனார்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. இருந்தது கொஞ்ச நாள்தான். பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். துணைக்கு இருந்தது மந்திரத்தின் அக்கா. அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மந்திரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நெஞ்சு தாங்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் டேப்லெட்டைக் கொண்டு வரவில்லை. எடைச் சீட்டில் ஒரு பிழை இல்லை. எந்த லாரியும் காத்திருக்கவில்லை. உதடு அசையவில்லை. எங்கள் கம்பெனி வாசலில் வேலை அவ்வளவு ஒழுங்காக நடந்ததே கிடையாது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. மானேஜர்கூட ஒரு நாள் கூண்டுக்குள் தலையை நீட்டி, "என்னய்யா, சூனியக்காரி செத்தாளா இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தார். மந்திரம் மரியாதையாக எழுந்து நின்றார். மானேஜர் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"சத்தியம் பண்ணி உள்ள அனுப்பிச்சேங்க சார். வெளையாட்டுல இருக்கற அர்த்தத்தை நெசத்துக்குச் சொல்லிட்டேன். அவளா பயந்து வேணாம்னா. நாந்தான் காப்புன்னு சொல்லி ஏமாத்திட்டேன். கடைசி நேரத்துல மூச்சு நிக்கும்போது என்னைப் பத்தி என்னா நெனைச்சிருப்பா?"

சேர்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார் என்று சொன்னேன். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். கணக்குப் பிரிவுக்காரன் ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும்? கூட்டல் சரியாக இருந்தது; அவருக்கு ஒன்றும் ஆறவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்த வருஷம் சீசன் தொடங்கிய சமயம். கம்பைநல்லூர் பக்கத்திலிருந்து மாங்காய் லோடு வந்தது. தோட்டத்துக்காரப் பெண் வண்டியிலேயே கூட வந்திருந்தாள். கையெழுத்து வாங்க நான் கூண்டுக்கு வந்திருந்தேன். சீட்டுக்காகக் கையை நீட்டியவள் மந்திரத்தின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்கண்ணா, நீங்க சாந்தக்கா வூட்டுக்காரருங்களா? ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்திருப்பீங்களே?"

மந்திரம் தலையசைத்தார்.

"எங்கம்மா பக்கத்துக் கட்டிலுங்க. சேத்த அன்னிக்கு நான் ஓன்னு அழுதுட்டு நின்னேன். அக்காதான் கூப்பிட்டு ஒக்கார வெச்சாங்க. 'அழுவாத, வார்டுன்னா காப்பும்மா. உள்ள இருக்கறவங்களை எதுவும் தொடாது. எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாங்க. புதுசா யாரு அழுதுக்கினு வந்தாலும் கூப்பிட்டு அதையேதான் சொல்லுவாங்க. நாங்கூடப் படிச்சவங்க போலன்னு நெனைச்சேன்."

மந்திரத்தின் கை கீபோர்டின்மேல் இருந்தது. "பயந்தாளாம்மா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. மூச்சு வுடத்தான் செரமப்பட்டாங்க. பயமெல்லாம் படலை. போற அன்னிக்கும் எங்கம்மாகிட்ட அதைத்தான் சொன்னாங்க."

மந்திரம் சீட்டை அச்சடித்து, ஒரு தடவை சரிபார்த்து, அவள் கையில் கொடுத்தார். "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றார். வண்டி மேடையை விட்டு இறங்கிய பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இத்தனை மாதமாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தகரக் கூண்டு அதிர அழுதார்.

வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. கோலார் டிரைவர் சத்தம் போட வாயைத் திறந்துகொண்டே வந்தவர், உள்ளே பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, பின்னால் நின்ற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எந்தப் பொத்தான் எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒரு வண்டிக்குக் காலி எடையையும் லோடு எடையையும் மாற்றி அடித்தேன். நாளைக்குக் கணக்குப் பிரிவில் அதைக் கண்டுபிடித்துக் கத்தப்போகிறவனும் நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மந்திரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நவுருங்க சார், நான் போடறேன். நீங்க எல்லாத்தையும் தப்புத் தப்பா அடிக்கறீங்க."

"நீங்க ஒக்காருங்கண்ணா" என்றேன். அவரை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது.